டிவிடி கலெக்ஷன் மொத்தத்தையும் ப்ளூரேக்கு மாத்தணுமா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வியை நான் சரியா புரிஞ்சுகிட்டேனான்னு பாத்துக்கங்க. 2002லேர்ந்து சேர்த்த டிவிடி ஒரு நானூறு இருக்கு, முக்கால்வாசி தமிழ், மீதி ஹாலிவுட்டும் கொஞ்சம் உலக சினிமாவும். இப்ப 55 இன்ச் 4கே டிவி வாங்கியாச்சு, அதுல டிவிடி போட்டா படம் மசமசன்னு தெரியுது. எல்லாத்தையும் ப்ளூரேயா திரும்ப வாங்கணுமா, நேரா 4கே டிஸ்க்குக்கே போயிடலாமா, இல்ல ஓடிடி இருக்கும்போது இதெல்லாம் வெட்டிச் செலவா. இதானே?

மொத்தமா மாத்தாதீங்க. நானூறுல முப்பது நாப்பது தேறும், அதை மட்டும் மாத்துங்க, மீதியை இருக்குற மாதிரியே வச்சுக்கங்க. அட்டையில ப்ளூரேன்னு போட்டிருக்கா 4கேன்னு போட்டிருக்காங்கறது ரெண்டாவது விஷயம், அந்த டிஸ்க்கை எந்த மாஸ்டர்லேர்ந்து, அதாவது எந்த மூலக் காப்பியிலேர்ந்து அடிச்சாங்கங்கறதுதான் முதல் விஷயம். அது தெரிஞ்சா ஒவ்வொரு படத்துக்கும் முடிவு எடுக்கறது ரொம்ப சுலபம், தெரியாம வாங்கினா 25 டாலர் குடுத்து பழைய டிவிடியையே பெரிய டிஸ்க்குல வாங்கிட்டு வந்து உக்காந்திருப்பீங்க.

ஆனா அதுக்கும் முன்னாடி உங்க ஹாலை ஒரு டேப் வச்சு அளந்துடுங்க. சோபாவுல உக்காந்தா கண்ணுலேர்ந்து டிவி எத்தனை அடின்னு. நல்ல பார்வை உள்ள கண்ணு ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு வரைக்கும் தனித்தனியா பிரிச்சுப் பாக்கும், இதை வச்சு கணக்குப் போட்டா 55 இன்ச் டிவியில (அகலம் கிட்டத்தட்ட நாலு அடி) ப்ளூரேயோட 1920 புள்ளியும் முழுசா தெரியணும்னா ஒரு ஏழு அடிக்குள்ள உக்காரணும், 4கேயோட 3840 புள்ளியும் தெரியணும்னா மூணரை அடி, அதாவது டிவி முன்னாடி தரையில உக்காந்து அம்மாகிட்ட திட்டு வாங்குவோமே அந்த தூரம். டிவிடிக்கு 720 புள்ளிதான், அது 19 அடி தள்ளி உக்காந்தாத்தான் கண்ணுக்குக் குறை தெரியாம மறையும். பழைய 32 இன்ச் டிவியில இதே டிவிடிக்கு 11 அடி போதும். முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப டிஸ்க் கெட்டுப் போச்சா பிளேயர் கெட்டுப் போச்சான்னு பல பேர் கேக்கறாங்க, ஒண்ணும் கெடல, டிவி பெருசாச்சு சோபா அதே இடத்துல இருக்கு, அவ்வளவுதான்.

நம்ம ஊரு ஹால்ல பெரும்பாலும் எட்டுலேர்ந்து பத்து அடி. அப்ப உங்களுக்கு டிவிடிக்கும் ப்ளூரேக்கும் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், ப்ளூரேக்கும் 4கேக்கும் புள்ளி எண்ணிக்கையால வர்ற வித்தியாசம் அநேகமா தெரியாது. 4கே டிஸ்க்குல வேற லாபம் இருக்கு, அதைப் பின்னாடி சொல்றேன்.

இப்ப மாஸ்டர் விஷயத்துக்கு வருவோம். ஃபிலிம்ல எடுத்த படம்னா, அது எவ்வளவு பழசா இருந்தாலும், நெகட்டிவ்ல டிவிடிக்கு மேல, ப்ளூரேக்கு மேலயே கூட விவரம் இருக்கும். லாரன்ஸ் ஆஃப் அரேபியா 1962 படம், 65 எம்எம் நெகட்டிவ், ஐம்பதாவது வருஷத்துக்காக அந்த நெகட்டிவை 8கேல ஸ்கேன் பண்ணி 4கேல சரி பண்ணி 2012ல ப்ளூரே விட்டாங்க, பாலைவனத்துல தூரத்துல ஒரு ஒட்டகம் புள்ளியா வர்றது டிவிடியில வெறும் நடுக்கம்தான், ப்ளூரேல ஆளு தெரியும். அதே சமயம் 28 டேஸ் லேட்டர்னு 2002ல வந்த படம், அதுல கடைசிப் பகுதி தவிர பெரும்பாலும் கேனன் எக்ஸ்எல்1ங்கற MiniDV டேப் கேமராவுல எடுத்தது, நம்ம ஊர்ல கல்யாண வீடியோ எடுத்த அதே ஜாதி டேப். எடுத்ததே எஸ்டில, அதாவது டிவிடி அளவு விவரத்துல, அதை எந்த டிஸ்க்குல போட்டாலும் கேமரா பாக்காத விவரம் எங்கேர்ந்து வரும்? நாப்பது வருஷம் பழைய படத்துக்கு எச்டி பிரயோஜனம், புதுப் படத்துக்கு இல்ல. வருஷத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்கன்னு இதுக்குத்தான் சொல்றேன்.

இதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு. நல்ல நெகட்டிவ் இருந்தும் டிஸ்க் போடறவங்க கெடுத்து வைக்கறது. ஃபிலிம்னா கிரெய்ன் இருக்கும், மணல் மாதிரி பொடிப்பொடியா ஓடுமே, அதுதான் படமே, முகத்தோட தோலு, துணியோட நெசவு எல்லாம் அந்தப் பொடியிலதான் இருக்கு. ஆனா பெரிய டிவியில கிரெய்ன் தெரிஞ்சா ஜனங்க "என்ன இரைச்சலா இருக்கு"ன்னு சொல்லுவாங்கன்னு பயந்து சாஃப்ட்வேர் போட்டு வழிச்சு எடுத்துடுவாங்க. ப்ரிடேட்டர் படத்துக்கு 2010ல ஒரு புது ப்ளூரே எடிஷன் விட்டாங்க, காட்டுக்குள்ள வேர்வையோட ஓடற ஆளுங்க எல்லாம் மெழுகு பொம்மையா இருப்பாங்க, அதுக்கு முன்னாடி வந்த பழைய ப்ளூரே சுமாரானாலும் தேவலைன்னு ஜனங்க தேடிப் போனாங்க. 2024ல ட்ரூ லைஸ் 4கே வந்தப்பவும் இதே பஞ்சாயத்து, இந்தத் தடவை ஏஐ போட்டு கூர்மையாக்கினாங்க, தலைமுடியும் சுருக்கமும் வரைஞ்ச மாதிரி ஆயிடுச்சுன்னு ரசிகர்கள் கொதிச்சாங்க. அதனால "புது எடிஷன், ரீமாஸ்டர்" அப்படின்னு அட்டையில இருந்தா மயங்காம, அந்தக் குறிப்பிட்ட எடிஷனோட ஸ்க்ரீன்ஷாட் கம்பேரிசன் ஏதாவது கிடைக்குதான்னு தேடிப் பாத்துட்டு வாங்குங்க, ஒரே படத்துக்கு மூணு ப்ளூரே இருக்கும், அதுல ரெண்டு குப்பையா இருக்கும்.

உலக சினிமா பக்கம் வந்தீங்கன்னா இதுக்கு நேர்மாறா சந்தோஷமான கதைதான் அதிகம். சத்யஜித் ராயோட அப்பு படங்கள் மூணும் உங்க லிஸ்ட்ல இருந்தா கண்ணை மூடிகிட்டு மாத்துங்க. அதோட ஒரிஜினல் நெகட்டிவ் 1993ல லண்டன் லேப் ஒண்ணுல தீயில கருகிப் போச்சு, சுருண்டு உடையற நிலைமையில இருந்ததை எடுத்து வச்சு, வருஷக்கணக்குல கழிச்சு இத்தாலி போலோன்யாவுல இருக்கற லேப்ல ஒவ்வொரு அடியா ஈரப்பதம் ஏத்தி, ஒட்டி, ஸ்கேன் பண்ணினாங்க, தேறாத இடத்துக்கு வேற பிரதிகள்லேர்ந்து எடுத்துப் போட்டாங்க, 2015ல 4கேல வெளிவந்துச்சு. நம்ம ஊர்ல முன்னாடி கிடைச்ச டிவிடிக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜப்பான் டைரக்டருங்க குரோசாவா, ஓசு மாதிரி ஆளுங்க படத்துக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான், அந்தந்தக் கம்பெனி ஒழுங்கா வேலை பண்ணியிருப்பாங்க, பெருசா யோசிக்க வேண்டாம்.

சரி, தமிழ். உங்க முந்நூறு டிஸ்க்கும் அதுதானே, இங்கதான் நின்னு பேசணும்.

முதல்ல உங்ககிட்ட இருக்கறது என்ன மாதிரி டிவிடின்னு பிரிங்க. ஒரு ஸ்கோப் (அகலத்திரை) படத்தை எடுத்து டிவியில போடுங்க, எந்த ஜூமும் பண்ணாம. மேலயும் கீழயும் மட்டும் கருப்புப் பட்டை இருந்தா அது அனமார்ஃபிக் டிவிடி (படத்தை அகலத்துல நசுக்கி எழுதி, அகல டிவியில விரிச்சுக் காட்டறது), நல்ல ஜாதி. நாலு பக்கமும் கருப்பு வந்து படம் நடுவுல ஜன்னல் மாதிரி சின்னதா இருந்தா அது பழைய 4:3 டிவிக்காக அடிச்ச லெட்டர்பாக்ஸ். இந்த ரெண்டாவது வகையில என்னாகுதுன்னா, என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) டிவிடியில இருக்கறதே 480 கோடு, அதுல ஸ்கோப் படத்துக்கு மிஞ்சறது ஒரு 272 கோடுதான், மீதியெல்லாம் கருப்பு. அனமார்ஃபிக்னா 363 கோடு. ப்ளூரேல அதே படத்துக்கு 817 கோடு, ஒவ்வொரு கோட்டுலயும் 1920 புள்ளி. பெருக்கிப் பாத்தா லெட்டர்பாக்ஸ் டிவிடியை விட எட்டு மடங்கு. உங்க டிவி அந்த ரெண்டு லட்சம் புள்ளி கூட இல்லாத படத்தை இழுத்து 83 லட்சம் புள்ளிக்கு விரிக்குது, மசமசன்னு இல்லாம என்ன பண்ணும் பாவம்.

அடுத்து எத்தனை படத்தை ஒரே டிஸ்க்குல திணிச்சிருக்காங்கன்னு பாருங்க. 2007 வாக்குல மோசர் பேர்ங்கற டிஸ்க் கம்பெனி வந்து விசிடி 28 ரூபா டிவிடி 34 ரூபான்னு விலையை அடிச்சு இறக்கினாங்களே, நியாயமா சொன்னா நம்மள்ல பாதிப் பேர் கலெக்ஷனே அந்த வருஷங்கள்லதான் வளர்ந்தது. அந்த அலையில எல்லாருமே "3 இன் 1", "2 இன் 1"னு போட ஆரம்பிச்சாங்க. ரெண்டரை மணி நேரப் படம் மூணை 4.7 ஜிபி டிஸ்க்குல போட்டா கிடைக்கறது 1.4 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு இத்தனை மெகாபிட் டேட்டா), விசிடியோட வீடியோவே 1.15 எம்பிபிஎஸ், அப்ப அது டிவிடி அட்டை போட்ட விசிடிதான். டபுள் லேயர் 8.5 ஜிபியா இருந்தாலும் 2.5தான் வரும். ஒழுங்கான டிவிடின்னா வீடியோ மட்டுமே ஒன்பது சொச்சம் வரைக்கும் போக இடம் இருக்கு. கோரஸ் டான்ஸ் வர்ற பாட்டுல, மழை சீன்ல எல்லாம் கட்டம் கட்டமா உடையுதுல்ல, அதுக்குக் காரணம் இது.

இந்த மட்டமான டிவிடி இருக்கற படத்தைத்தான் மாத்தணும்னு ஆசை வரும், ஆனா அதுக்கு ப்ளூரே இருக்கணுமே. தமிழ்ல ப்ளூரே வந்த காலம் கொஞ்சம்தான், லண்டன் ஐங்கரன் மாதிரி வெளிநாட்டுத் தமிழ் மார்க்கெட்டை நம்பின கம்பெனிங்க பெரிய ஹீரோ படங்களா பாத்து விட்டாங்க, அப்புறம் டிவி ரைட்ஸும் ஓடிடியும் காசைக் கொட்ட ஆரம்பிச்சதும் அந்தக் கடை அடங்கிப் போச்சு. வந்ததுல நல்லதும் இருக்கு, டிவி சேனலுக்குக் குடுக்கற டேப்பை எடுத்து அப்படியே இழுத்துப் பெருசாக்கி ப்ளூரேன்னு போட்டதும் இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, படம் ஓடறப்ப ரிமோட்ல டிஸ்ப்ளே பட்டனை அமுக்குங்க, 1080பி 24ன்னு வந்தா நல்ல அறிகுறி, 1080iன்னு (ஒரு விட்டு ஒரு கோடா ரெண்டு பாதியா காட்டற பழைய டிவி முறை) வந்தா சந்தேகப்படுங்க. அப்புறம் ஹீரோயின் பட்டுப்புடவை கட்டிட்டு வர்ற க்ளோசப் ஒண்ணுல நிறுத்துங்க, ஜரிகைக் கரையில இழை தனித்தனியா தெரியுதா இல்ல மஞ்சளா ஒரே பூச்சா இருக்கா. கேமரா வேகமா திரும்பற இடத்துல தூண், கதவு நிலை ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி பிரியுதான்னு பாருங்க. டைட்டில் எழுத்தோட ஓரம் வெள்ளையா இன்னொரு கோடு போட்ட மாதிரி இருந்தா செயற்கையா கூர்மை ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம். இதுல ரெண்டு இருந்தாலே அந்த டிஸ்க்குக்காக காசு செலவழிக்காதீங்க, நல்ல அனமார்ஃபிக் டிவிடியும் நல்ல பிளேயரும் இருந்தா அதுவே போதும்.

தியேட்டர்ல "4கே டிஜிட்டல் ரீஸ்டோரேஷன்"னு போஸ்டர் ஒட்டறாங்களே அதெல்லாம் டிஸ்க்கா வராதான்னு அடுத்து கேப்பீங்க. 2012ல கர்ணனை, 1964 படத்தை, டிஜிட்டலா சுத்தம் பண்ணி விட்டு அது ஓடின ஓட்டத்துக்கு அப்புறம்தான் இந்த ரீ ரிலீஸ் ஆசை எல்லாருக்கும் வந்துச்சு, 2024ல கில்லி 4கே வரைக்கும் வந்தாச்சு. ஆனா அந்த மாஸ்டர் போய்ச் சேர்றது ஓடிடிக்கும் யூடியூபுக்கும் சேனலுக்கும்தான். டிஸ்க்கா வரும்னு இடம் ஒதுக்கி வச்சுக் காத்திருக்காதீங்க. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா வெளிநாட்டு ஸ்டுடியோ படங்களைச் சுத்தம் பண்ற வேலை வருஷக்கணக்கா சென்னையிலயே பிரசாத் கம்பெனியில நடக்குது, ஆளு இருக்கு, மெஷின் இருக்கு, நம்ம படத்தோட நெகட்டிவ்தான் பாதி எங்க இருக்குன்னே தெரியாது, இல்லன்னா லேப் வாடகை கட்டாம, ஃபிலிம் கெட்டா வர்ற வினிகர் வாசனையோட கிடந்து போயிருக்கும்.

ஆக தமிழ்ல என் கணக்கு இதுதான்: நல்ல மாஸ்டர் ஓடிடியில எச்டியா இருந்தா அங்க பாருங்க, டிவிடியை பேக்கப்பா வச்சுக்கங்க. ஓடிடியில இல்லாத படம்னா உங்க டிவிடிதான் சொத்து, அது எவ்வளவு மட்டமா இருந்தாலும். எண்பதுகள்ல வந்த சின்னப் படங்கள் எத்தனையோ, ஹீரோ பேரு கூட இப்ப ஞாபகம் வராது, பாட்டு மட்டும் எல்லாருக்கும் தெரியும், அதுக்கெல்லாம் ஓரத்துல கம்பெனி லோகோ மின்னற அந்த ஒரு டிவிடியை விட்டா வேற நாதி இல்ல. பர்மா பஜார்ல வாங்கினது இருந்தா அதை இந்த நானூறுல சேக்காதீங்க, அது தனி ரகம்.

ஒரு சின்ன விஷயம், பாட்டுக்காகப் படம் பாக்கறவங்களுக்கு மட்டும். உங்க டிவிடி பால் (PAL, இந்தியா ஐரோப்பா டிவி முறை) சிஸ்டமா என்டிஎஸ்சியான்னு அட்டைக்குப் பின்னாடி பாருங்க. பால்ல பெரும்பாலும் செகண்டுக்கு 24 ஃப்ரேம் படத்தை 25ல ஓட்டுவாங்க, நாலு பர்சென்ட் வேகம், 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சுடும், சுருதியும் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் கம்மியா ஏறிடும். ராஜா பாட்டை கேசட்ல கேட்டு கேட்டு ஊறின காதுக்கு படத்துல வர்றப்ப ஏதோ சரியில்லையேன்னு தோணும், பிடிபடாது. ப்ளூரேல 24 ஃப்ரேமாவே ஓடறதுனால இது சரியாயிடும். எனக்கு படத்தோட கூர்மையை விட இதுதான் பெரிய விஷயமா படுது, வீட்டுல மத்தவங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க.

ஹாலிவுட் பக்கம் 4கே வாங்கலாமான்னு கேட்டதுக்கு. 2000களோட நடுவுலேர்ந்து ஒரு பத்துப் பதினஞ்சு வருஷம் பெரிய படங்கள்ல நிறைய 2கேலதான் (கிட்டத்தட்ட ப்ளூரே அளவு புள்ளி) முடிச்சாங்க, கிராஃபிக்ஸ் செலவு அப்படி. அந்தப் படத்தோட 4கே டிஸ்க்னா அது பெரும்பாலும் 2கேயை இழுத்துப் பெருசாக்கினது, புதுசா விவரம் கிடையாது, எச்டிஆர் மட்டும்தான் லாபம், அதாவது இருட்டுல விளக்கு வெளிச்சம், நெருப்பு, வெயில் பட்ட உலோகம் எல்லாம் நிஜமா ஜொலிக்கும். அதைக் காட்டறதுக்கு டிவிக்கு வெளிச்சம் வேணும், பட்ஜெட் 4கே டிவி நிறையத்துல எச்டிஆர்னு பேருக்கு ஒரு லோகோ மட்டும் இருக்கும், போட்டா படம் இருட்டா வரும். உங்க டிவி அந்த ரகம்னா 1080பி ப்ளூரேயோட நிறுத்திக்கங்க, சேல்ல பழைய படங்கள் பத்து டாலருக்குள்ள கிடைக்கும், புது 4கே டிஸ்க் 25, 30 டாலர், அதுக்கு மேல கஸ்டம்ஸும் கூரியரும். அறுபது எழுபதுகள்ல ஃபிலிம்ல எடுத்து புதுசா 4கேல ஸ்கேன் பண்ணின படம், ஓஎல்இடி டிவி, ரெண்டும் சேர்ந்தா மட்டும் 4கே வாங்குங்க.

ரீஜன் தொந்தரவு மறந்துடாதீங்க. டிவிடியில நாம ரீஜன் 5, ப்ளூரேல இந்தியா சி, அமெரிக்கா ஏ, இங்கிலாந்து ஐரோப்பா ஆஸ்திரேலியா பி. டெட்ராய்ட்ல இருக்கற மச்சான் ஆசையா வாங்கிட்டு வர்ற டிஸ்க் இங்க பிளேயர்ல ஓடாம போறதுக்கு இதுதான் காரணம். பெரிய ஸ்டுடியோ டிஸ்க் பலது எந்த ரீஜன்லயும் ஓடும், ஆனா உலக சினிமா டிஸ்க் போடற க்ரைட்டீரியன் மாதிரி கம்பெனிங்க அமெரிக்க டிஸ்க்கை ஏ ரீஜனுக்குப் பூட்டியே விடுவாங்க. 4கே டிஸ்க்குக்கு ரீஜனே கிடையாது, இது அதுக்கு ஒரு பெரிய ப்ளஸ், என்ன ஒண்ணு, அதே பெட்டிக்குள்ள கூட வர்ற சாதா ப்ளூரே பூட்டியிருக்கலாம். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறப்ப சிவப்புப் பெட்டியா இருந்தா தொடாதீங்க, அது எச்டி டிவிடி, 2008ல தோஷிபா கைவிட்ட ஃபார்மேட், ப்ளூரே பிளேயர்ல ஓடவே ஓடாது.

உண்மையில டிஸ்க்கை விட முதல்ல பிளேயர் வாங்குங்கன்னு சொல்வேன். ஒப்போ 2018லயே கடையை மூடிடுச்சு, சாம்சங் 2019ல விலகிடுச்சு, எல்ஜியும் 2024ல நிறுத்தியாச்சு, உருப்படியா மிச்சம் இருக்கறது சோனியும் பானசோனிக்கும்தான். ஒரு நல்ல 4கே பிளேயர் உங்க டிவிடி, ப்ளூரே, 4கே மூணையும் ஓட்டும், நானூறு டிவிடியும் உடனே கொஞ்சம் தெளிவாகும், ஏன்னா பெருசாக்கற வேலையை அது டிவியை விட ஒழுங்கா பண்ணும். பிஎஸ்5 டிஸ்க் மாடல் வீட்டுல இருந்தா அதுலயே பாத்து ஆரம்பிங்க, 4கே டிஸ்க்கும் ஓடும், டால்பி விஷன் (எச்டிஆர்ல ஒரு வகை) வராது, ஆடியோ சிடி ஓடாது, மத்தபடி குறை இல்ல.

ஓடிடி போதுமான்னு கேட்டா, காட்சிக்குப் பெரும்பாலும் போதும், சத்தத்துக்குப் போதாது. நெட்ஃப்ளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் லைன் இருந்தா போதும்னு சொல்றாங்க, ப்ளூரேல 1080பி வீடியோவுக்கே 40 வரைக்கும் இடம் இருக்கு, 100 ஜிபி 4கே டிஸ்க்குல அது நூறைத் தாண்டும். பகல் வெளிச்ச சீன்ல வித்தியாசம் தெரியாது, புகை, மழை, இருட்டுல டார்ச் லைட், இங்கெல்லாம் ஸ்ட்ரீமிங்ல படி படியா பட்டை விழும். சத்தம் டிவிடியில 448 கேபிபிஎஸ் டால்பி, ஸ்ட்ரீமிங்ல அதிகபட்சம் 768, ப்ளூரேல பெரும்பாலும் எதையும் இழக்காத சத்தம், ஸ்டுடியோவுல மிக்ஸ் பண்ணினது அப்படியே வரும். ஆனா நீங்க டிவி ஸ்பீக்கர்லதான் கேப்பீங்கன்னா இந்த பாராவையே மறந்துடுங்க. ரிசீவரும் அஞ்சு ஸ்பீக்கரும் வச்சிருந்தா மட்டும் இதுக்காகவே சில படங்களை மாத்தலாம், ரஹ்மான் மாதிரி அடியில பேஸ் வச்சு மிக்ஸ் பண்றவங்க படம் ஒழுங்கான ப்ளூரேல கிடைச்சா விடாதீங்க.

மாத்தினதுக்கு அப்புறம் பழசைத் தூக்கிப் போடாதீங்க, விக்கவும் நினைக்காதீங்க, பழைய புத்தகக்காரர் கூட வாங்க மாட்டார். ஸ்டார் வார்ஸ் முதல் மூணு படத்தை எடுத்துக்கங்க, தியேட்டர்ல வந்த மாத்தாத வடிவம், பழைய கேசட்டையும் லேசர்டிஸ்க்கையும் (டிவிடிக்கு முந்தின பெரிய டிஸ்க்) விட்டா, 2006 டிவிடி செட்ல போனஸ் டிஸ்க்காத்தான் வந்துச்சு, அதுவும் 1993 லேசர்டிஸ்க் மாஸ்டர், மேல சொன்ன நாலு பக்கக் கருப்பு லெட்டர்பாக்ஸ். ப்ளூரே 4கே எல்லாத்துலயும் பின்னாடி நோண்டி மாத்தின வடிவம்தான். அந்த போனஸ் டிஸ்க் தரத்துல மட்டம், ஆனா அதை விட்டா ப்ளூரேல கிடையாது. இதே மாதிரி பழைய மோனோ சவுண்டை எடுத்துட்டு புது 5.1 மட்டும் போட்ட ப்ளூரே, டைரக்டர் பேசின கமெண்டரியை விட்டுட்டு வந்த புது எடிஷன் எல்லாம் ஏகப்பட்டது இருக்கு.

வச்சுக்கற டிஸ்க்கும் உயிரோட இருக்கான்னு பாக்கணும். வார்னர் நிறுவனம் 2006லேர்ந்து 2008 வரைக்கும் அடிச்ச டிவிடியில சிலது தானா கெட்டுப் போகுதுன்னு 2025ல அவங்களே ஒத்துகிட்டாங்க, கீறல் எதுவும் இருக்காது, டிஸ்க் பளபளன்னு இருக்கும், பாதியில நிக்கும். அதனால அந்த வருஷத்து வார்னர் டிஸ்க்கை முதல்ல எடுத்து, ஆரம்பத்தைப் பாத்துட்டு ஓடுதுன்னு வச்சிடாம, நடுவுலேர்ந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க, டபுள் லேயர் டிஸ்க்குல படத்தோட பின்பாதி ரெண்டாவது லேயர்ல இருக்கும், கோளாறு அநேகமா அங்கதான் தெரியும். ப்ளூரேக்கு வேற ஜாக்கிரதை, அதுல டேட்டா மேல்பரப்புலேர்ந்து 0.1 மில்லிமீட்டர் உள்ளதான் இருக்கு, டிவிடியில 0.6. மேல கெட்டியா கோட்டிங் இருக்கறதுனால சின்னக் கீறல் விழாது, ஆழமா விழுந்துடுச்சுன்னா பாலிஷ் போட்டு மீக்க முடியாது.

இப்ப எந்த முப்பது நாப்பதுன்னு எப்படிப் பொறுக்கறது. அலமாரியைப் பாத்து எது நல்ல படம்னு யோசிக்காதீங்க, எல்லாமே நல்ல படமாத்தான் தெரியும், அதனாலதானே வாங்கினோம். போன ரெண்டு மூணு வருஷத்துல நிஜமா எடுத்து ரெண்டாவது தடவை பாத்தது எது, யாராவது வீட்டுக்கு வந்தா போட்டுக் காட்டறது எது, அந்த லிஸ்ட்டை எழுதுங்க. அதுல ஃபிலிம்ல எடுத்தது, நல்ல மாஸ்டர்னு ஊர்ஜிதமானது, ஓடிடியில ஒழுங்கா இல்லாதது, இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு பொருந்தினா வாங்குங்க. ரெண்டு மாசத்துக்கு நாலு டிஸ்க்கா வாங்கினா கை கடிக்காது.

நீங்க கடைசியா ஒரு வரி எழுதியிருந்தீங்க, அக்கா கல்யாண விஎச்எஸ் கேசட்டும் அதை ஸ்டுடியோவுல குடுத்து எழுதின டிவிடியும் இருக்கு, அதையும் எச்டி டிஸ்க்குல போடலாமான்னு. டிஸ்க் மாத்தறதுனால ஒரு இம்மி கூட தெளிவு ஏறாது, ஆனா இந்த நானூறுல உண்மையிலேயே அவசரம் இருக்கறது அதுக்கு மட்டும்தான். கடையில வாங்கின டிவிடி ஃபேக்டரியில அச்சடிச்சது, ஸ்டுடியோவுல எழுதிக் குடுத்தது சாயத்துல லேசர் போட்டு எழுதினது, சாயம் நம்ம ஊரு வெக்கையிலயும் ஈரத்துலயும் மங்கும். இந்த வாரமே அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு அப்படியே காப்பி பண்ணுங்க, தேஞ்சு ஓடற டிரைவ்ல வரலைன்னா வேற டிரைவ்ல முயற்சி பண்ணுங்க, சில டிரைவ் நல்லாப் படிக்கும். கேசட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, டிவிடி படிக்கலைன்னா அதுலேர்ந்துதான் திரும்ப எடுக்கணும், அதுக்கும் நாளை கடத்தாதீங்க, விசிஆர் செஞ்சுகிட்டிருந்த ஜப்பான் ஃபுனாய் கம்பெனியே 2016ல நிறுத்திடுச்சு, ஓடற விசிஆர் வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே போகுது. ரெண்டு ஹார்ட் டிஸ்க்குல போட்டு ஒண்ணை அக்கா வீட்டுல குடுத்து வைங்க.

டிவி மாடலையும் சோபா தூரத்தையும் அந்த மறுபடி பாத்த படங்களோட லிஸ்ட்டையும் எழுதுங்க, எதுக்கு எந்த எடிஷன்னு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.